எக்ஸ்ரேயிலிருந்து ஸ்கேனுக்கு, டயாலிசிஸிலிருந்து ஆபரேஷன் தியேட்டருக்கு: எந்தத் திறமை கூட வரும்?

எட்டு வருடம் எக்ஸ்ரேயும் சிடி ஸ்கேனும் எடுத்த ஒருவர் அல்ட்ராசவுண்ட் பக்கம் போனால், அங்கே அவர் புது ஆள். சம்பளத்தில் கடைசி, ட்யூட்டி சார்ட்டிலும் கடைசி. ஆனால் நோயாளியின் பெயரையும் எண்ணையும் சரிபார்ப்பதோ, வலியில் நெளிகிறவரைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைப்பதோ, குறுக்குவெட்டுப் படத்தில் கல்லீரல் எது, பித்தப்பை எது என்று அடையாளம் காண்பதோ அவருக்குப் புதிதல்ல. ஆள் ஒருவர்தான். பாதி அனுபவசாலி, பாதி கத்துக்குட்டி. எந்தப் பாதி எது என்று தெரியாமல் மாறுகிறவர்கள்தான் சிக்கலில் மாட்டுகிறார்கள்.

லேப், எக்ஸ்ரே, டயாலிசிஸ், பிசியோதெரபி, அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி, பேச்சு சிகிச்சை, செவித்திறன் பரிசோதனை, சுவாச சிகிச்சை, இதய அறுவையின்போது இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் ஏற்கும் இதய-நுரையீரல் இயந்திரம் எனப் பலவும் சேர்ந்ததுதான் துணை மருத்துவத் துறை. இதற்குள் ஒரு தொழிலிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர் கையோடு கொண்டுபோகக்கூடிய திறமைகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பதவிப் பெயர் எங்கும் கூட வராது. ‘நான் லேப் டெக்னீஷியன்’ என்பது அடையாள அட்டையில் இருக்கும் சொல், அவ்வளவுதான். அந்தப் பெயருக்குள் ஒளிந்திருக்கும் சின்னச் சின்ன வேலைகளில் சில கூட வரும், சில வராது. வேறு சில கூட வந்து குழியில் தள்ளும். இந்த மூன்றாவது ரகத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதால் கீழே அதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே இடம் கொடுத்திருக்கிறது.

ஒரு வேலையை உடைத்துப் பார்ப்போம்

ரத்தம் எடுப்பதை எடுத்துக்கொள்ளலாம். ஒரே வேலை மாதிரித் தெரியும். ஆளைச் சரிபார்ப்பது, நரம்பைத் தேடுவது, குழாய்களைச் சரியான வரிசையில் நிரப்புவது, தலைகீழாக மெல்லத் திருப்பிக் கலப்பது, படுக்கைப் பக்கத்திலேயே லேபிள் ஒட்டுவது என்று உள்ளே ஐந்து வேலைகள் இருக்கின்றன.

இதைச் செய்து பழகியவர் சிடி பிரிவுக்குப் போகிறார், அங்கே படத்தில் உறுப்புகளைத் தெளிவாகக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்துக்காக ஊசி போட வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளைச் சரிபார்ப்பது அப்படியே வரும். நரம்பைத் தேடும் விரலும் வரும். குழாய் வரிசை அங்கே தேவையே இல்லை. ஊதா மூடிக் குழாயை முதலில் நிரப்பினால் அதில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்த்த பொட்டாசியம் இ.டி.டி.ஏ. அடுத்த குழாய்க்குத் தொற்றி, பொட்டாசியம் பொய்யாகக் கூடும், கால்சியம் பொய்யாகக் குறையும் என்ற அறிவுக்கு சிடி அறையில் வேலை கிடையாது.

ஆனால் நரம்பு நல்லதா என்ற தீர்ப்பு மாறிவிடுகிறது. ரத்தம் எடுக்கையில் ஊசி ஒரு நிமிடத்தில் வெளியே வந்துவிடும். நரம்பு உடைந்தால் மறு கையில் குத்துவோம், நோயாளி முகம் சுளிப்பார். சிடியில் இயந்திரம் நொடிக்கு 4 மி.லி. வேகத்தில் மருந்தைத் தள்ளும். மருந்து போகும் மெல்லிய குழாயான கேனுலா நரம்புக்குள் சரியாக உட்காரவில்லை என்றால் 20 நொடியில் 80 மி.லி. தோலுக்கடியில் தேங்கிவிடும். ரத்தம் எடுக்கப் போதுமான மெல்லிய புறங்கை நரம்பு இந்த வேகத்துக்கு ஏற்றதல்ல. குத்தும் கை அதேதான், எந்த இடத்தில் குத்தலாம் என்று முடிவு செய்யும் மூளைதான் புதிதாகப் பழக வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு வேலையையும் ஐந்து கேள்விகளால் உடைத்துப் பாருங்கள். கை என்ன செய்கிறது? எதைப் பார்த்து முடிவெடுக்கிறேன்? முடிவெடுக்க எவ்வளவு நேரம் கிடைக்கிறது? தப்பினால் என்ன ஆகும்? என் தப்பை அடுத்து யார் பிடிப்பார்கள்? முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் அதிகம். வேலைக்கு வேலை வித்தியாசம் பெரும்பாலும் மூன்றாவதிலும் ஐந்தாவதிலும்தான் இருக்கிறது.

டயாலிசிஸிலிருந்து இதய-நுரையீரல் இயந்திரத்துக்கு

இந்த மாற்றத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்பது நல்லது. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து, குழாய் வழியாக ஓட்டி, ஏதோ ஒன்று செய்து, திருப்பி அனுப்புகிறோம். குழாயை நிரப்பிக் காற்றை வெளியேற்றுவது, உறையாமல் ஹெப்பாரின், அழுத்த அலாரம், காற்றைக் கண்டுபிடிக்கும் உணரி எல்லாம் இரண்டிலும் உண்டு. டயாலிசிஸ் ஆளின் காதுக்கு அலாரத்தின் ஒலியே பாதி கதை சொல்லிவிடும். குழாய் மடங்கியதா, ஊசி நகர்ந்ததா, ஃபில்டர் உறைய ஆரம்பித்ததா என்று அழுத்தம் ஏறும் விதத்திலிருந்தே ஊகிப்பார். இந்தத் திறமை முழுசாகக் கூட வரும்.

இனி எண்களுக்கு வருவோம். டயாலிசிஸில் ரத்த ஓட்டம் நிமிடத்துக்கு சுமார் 300 முதல் 400 மி.லி. இதய அறுவையில் உடற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் நிமிடத்துக்கு சுமார் 2.4 லிட்டர் என்று கணக்கு. 1.8 சதுர மீட்டர் உடற்பரப்பு உள்ளவருக்கு 4.3 லிட்டர் வரும். பத்து மடங்குக்கு மேல். இயந்திரத்தில் ரத்தம் வந்து சேரும் தொட்டியில் அரை லிட்டர் ரத்தம் இருக்கும் நேரத்தில் உடலிலிருந்து வரும் வழி அடைபட்டால், அது காலியாக 7 நொடிதான் ஆகும். டயாலிசிஸில் அலாரம் அடித்தால் பம்ப் தானாக நிற்கும், நடந்துபோய்ப் பார்க்க நேரம் இருக்கும். இங்கே பம்ப் நின்றால் நோயாளிக்கு ஓடும் ரத்தமே நின்றுபோகும், காரணம் அவருடைய இதயத்தை நாமே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

காற்றின் பாதையும் வேறு. டயாலிசிஸில் தப்பிப்போகும் குமிழி சிரை வழியாக நுரையீரலுக்குப் போகும். ஆபத்துதான், ஆனால் நடுவில் ஒரு வடிகட்டி மாதிரி நுரையீரல் நிற்கிறது. இதய-நுரையீரல் இயந்திரத்தில் குமிழி மகாதமனிக்குப் போகும், அடுத்த நிறுத்தம் மூளை. ஹெப்பாரின் அளவையும் பாருங்கள். டயாலிசிஸில் பெரும்பாலும் சில ஆயிரம் யூனிட்டில் முடியும். இங்கே கிலோவுக்கு 300 முதல் 400 யூனிட், அதாவது 70 கிலோ ஆளுக்கு 21,000 முதல் 28,000 வரை. ரத்தம் உறையும் நேரம் பரவலாக வைக்கப்படும் 480 நொடி எல்லையைத் தாண்டியதைக் கண்ணால் பார்க்காமல் பம்பைத் தொடங்கக் கூடாது.

இன்னொரு பாதி, வாயுப் பரிமாற்றம், டயாலிசிஸ் ஆளுக்கு முழுக்கப் புதிது. இயந்திரத்தில் ஆக்ஸிஜனைக் கூட்டக் குறைக்க வாயுக் கலவையில் ஆக்ஸிஜன் சதவீதத்தை மாற்றுகிறோம். கரியமில வாயுவைக் குறைக்க வாயு ஓடும் வேகத்தைக் கூட்டுகிறோம். வென்டிலேட்டரில் வேலை பார்த்த சுவாச சிகிச்சையாளருக்கு இது கைவந்த கலை. ஆனால் ரத்தம் ஓடும் குழாயை அவர் தொட்டே இருக்க மாட்டார். ஒரே படிப்பில் சேரும் இந்த இருவரும் வெவ்வேறு பாதியோடு வருகிறார்கள். சேர்ந்து படித்தால் இருவருக்கும் லாபம்.

படம் எடுப்பவர், படத்தைத் தேடுபவர்

எக்ஸ்ரேயிலிருந்து அல்ட்ராசவுண்டுக்குப் போகும் வழி நிறையப் பேர் போன வழி. உடற்கூறு, நோயாளியோடு பேசுவது, படங்களைச் சேமித்து அனுப்பும் கணினி முறை எல்லாம் கூட வரும். வராதது, ‘என் தப்பை அடுத்து யார் பிடிப்பார்கள்?’ என்ற ஐந்தாவது கேள்வியில் இருக்கிறது. எக்ஸ்ரேயில் படத்துக்குள் இருப்பதைப் படிப்பவர் கதிரியக்க மருத்துவர். நீங்கள் கவனிக்காத கட்டியை அவர் கவனிப்பார். அல்ட்ராசவுண்டில் தோலின் மேல் வைக்கும் கைக்கருவியான ப்ரோபை நகர்த்திக்கொண்டே தேடுவது நீங்கள். நீங்கள் தாண்டிப்போன இடம் பதிவிலேயே இருக்காது. பிறகு வந்து பார்க்கும் மருத்துவருக்கு அந்தக் கட்டி பிறக்கவே இல்லை.

ரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் ஸ்கேனில் கோணம் இன்னொரு புதுப் பாடம். ரத்தம் ஓடும் வேகத்தை இயந்திரம் கணக்கிட, அலை ரத்தக்குழாயைச் சந்திக்கும் கோணத்தை நீங்கள் கொடுக்க வேண்டும். உண்மைக் கோணம் 30 டிகிரியாக இருந்து 35 என்று கொடுத்தால் வேகம் சுமார் 6 சதவீதம் கூடுதலாகக் காட்டும். அதே 5 டிகிரித் தவறு 60 டிகிரியில் நடந்தால் 18 சதவீதம். கழுத்துத் தமனியில் உண்மையான வேகம் நொடிக்கு 110 செ.மீ. என்றால் திரையில் 130 வரும். பாதி அடைப்பு என்று சந்தேகிக்கப் பரவலாக வைத்திருக்கும் எல்லை 125. அடைப்பே இல்லாதவர் அடைப்புக்காரர் ஆகிவிடுவார். 60 டிகிரிக்கு மேல் அளக்காதே என்ற விதி இதனால் வந்ததுதான்.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்கேன் வேலையில் தோள்பட்டை வலி சகஜம். கையை உடம்பிலிருந்து விலக்கித் தூக்கியபடி, ப்ரோபை இறுகப் பிடித்து, கழுத்தைத் திரைப் பக்கம் திருப்பி நாள் முழுதும் வேலை. நோயாளியை உங்கள் பக்கம் நகர்ந்து படுக்கச் சொல்வதும், முழங்கைக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைப்பதும் முதல் வாரத்திலேயே பழகிக்கொள்ள வேண்டியவை. ஏற்கெனவே தோள் பிரச்சினை உள்ளவர் இந்த வழியைத் தேர்ந்தெடுக்குமுன் இரண்டு முறை யோசிக்கலாம்.

நல்ல பழக்கமே காலை வாரும் இடம்

பழைய வேலையில் நூற்றுக்கு நூறு சரியாக இருந்த பழக்கம் புது இடத்தில் ஆபத்தாக மாறலாம். தெரியாததைத் தெரியாது என்று உணர்ந்து கேட்டுவிடுவோம். பழக்கமோ, யோசிக்குமுன் கையைக் கொண்டுபோய்விடும்.

எக்ஸ்ரே அறையில் கதிர் வருவது பொத்தானை அழுத்தும் கணத்தில் மட்டும். விளக்கு அணைந்தால் அறை பாதுகாப்பானது. இதே உணர்வோடு எம்ஆர்ஐ அறைக்குப் போகிறார் ஒருவர். அங்கே காந்தம் எப்போதும் விழித்திருக்கிறது. ஸ்கேன் ஓடாதபோதும், நள்ளிரவிலும், திரை இருண்டு கிடக்கும்போதும் 1.5 டெஸ்லா, அதாவது பூமியின் காந்தப்புலத்தைப் போல சுமார் 30,000 மடங்கு. சாதாரண இரும்பு ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் அது கையை விட்டுப் பறந்து இயந்திரத்தின் வாய்க்குள் போகும், வழியில் யார் இருந்தாலும்.

உள்ளே படுத்திருப்பவருக்கு இதயம் நின்றுவிட்டால்? மற்ற எல்லா அறையிலும் அவசர மருந்து வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு ஓடுவோம். எம்ஆர்ஐயில் நெஞ்சை அழுத்தத் தொடங்கி, அப்படியே நோயாளியை வெளியே கொண்டுவருவார்கள். வண்டி வெளியேதான் நிற்கும். பத்து வருடம் உள்ளே ஓடிப் பழகிய காலுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஒத்திகை வேண்டும், படித்தால் மட்டும் போதாது.

பேச்சு சிகிச்சையிலிருந்து செவித்திறன் பரிசோதனைக்கு வருகிறவருக்கு வேறு ஒரு கண்ணி. சிகிச்சையில் தலையசைப்பதும் புன்னகைப்பதும் ‘ஆமாம், அப்படித்தான்’ என்று கண்ணால் சொல்வதும் மருந்து மாதிரி. செவிப் பரிசோதனையில் ஒலி அனுப்பும் கணத்தில் புருவம் லேசாக உயர்ந்தாலே போதும், கேட்காத நோயாளியும் கையைத் தூக்குவார். வரைபடத்தில் காது நன்றாக இருப்பதாக விழும். நோயாளிக்கு முகம் தெரியாதபடி கொஞ்சம் திரும்பி உட்காருவதும், சீரான இடைவெளியில் ஒலி தராமல் மாற்றி மாற்றித் தருவதும் இதற்காகத்தான்.

பிசியோதெரபியிலிருந்து ஆக்குபேஷனல் தெரபிக்குப் போகிறவர் எல்லாத் தடுமாற்றத்தையும் தசை பலமாகவும் மூட்டு அசைவாகவும் பார்ப்பார். பக்கவாதத்துக்குப் பிறகு ஒருவரால் சட்டை போட முடியவில்லை. கையில் பலம் இருக்கிறது, தோளும் தூக்க வருகிறது. ஆனால் இடது கையை நுழைக்காமலே பொத்தானைப் போட ஆரம்பிக்கிறார். மூளையின் வலப்பக்கம் அடிபட்டதால் இடப்பக்கம் என்ற ஒன்றே அவர் கவனத்தில் இல்லை. இதற்கு டம்பெல் உதவாது.

எல்லா மாற்றமும் இப்படிப் பயமுறுத்தாது. லேபிலிருந்து கருவிகளைக் கிருமிநீக்கும் பிரிவுக்குப் போகிறவர் நிம்மதியாகப் போகலாம். கன்ட்ரோல், அதாவது விடை முன்பே தெரிந்த மாதிரி, சரியாக வராமல் ரிசல்ட் வெளியிடாதே என்பது அவர் ரத்தத்தில் ஊறிய விதி. 134 டிகிரியில் 3 நிமிடம் ஓடிய நீராவிச் சுற்றையும், கிருமி வித்துகள் செத்தனவா என்று காட்டும் வித்துக் குப்பியின் முடிவு வரும்வரை உடலில் பொருத்தும் கருவிகளை வெளியே விடாமல் வைத்திருப்பதையும் அவருக்கு விளக்க ஐந்து நிமிடம் போதும்.

கிளம்புமுன் செய்ய வேண்டியவை

இரண்டு வாரம், ஷிஃப்ட் முடிந்ததும் பத்து வரி எழுதுங்கள். என்ன செய்தேன், எதை நானே முடிவு செய்தேன், எது தப்பப் பார்த்தது. ஏறக்குறைய நூறு வரி சேரும். பிறகு போக நினைக்கும் படிப்பின் பாடத்திட்டத்தைத் தேடி எடுத்து, உங்கள் வரிகளோடு ஒப்பிட்டு மூன்று குறி போடுங்கள்: வரும், வராது, மறக்க வேண்டும். மூன்றாவது குறி ஒன்றுகூட விழவில்லை என்றால் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

பணம் கட்டுமுன் சட்டத்தைப் பாருங்கள். திறமை இருப்பது ஒன்று, அதைச் செய்ய அனுமதி இருப்பது வேறு. சில தொழில்களில் பதிவு இல்லாமல் பெயரைப் போட்டுக்கொள்வதே குற்றம். விதி ஊருக்கு ஊர் மாறும் என்பதால் பதிவு செய்யும் அமைப்பிடமே எழுத்தில் கேளுங்கள். எந்தப் படிப்பை ஏற்கிறீர்கள், சேர என்ன தகுதி, முன் அனுபவத்துக்குப் பாட விலக்கு உண்டா, எத்தனை மணி நேரம் மருத்துவமனைப் பயிற்சி? படிப்பு விற்கும் நிறுவனம் சொல்லும் பதில் இதற்குப் பதிலாகாது. பதிவு கிடைக்காத சான்றிதழோடு ஒரு வருடத்தைத் தொலைப்பது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் விபத்து.

பயிற்சி மணி நேரத்தைக் காகிதத்தில் வகுத்துப் பாருங்கள். 1,000 மணி நேரம் என்று இருந்தால், பழைய வேலையை விடாமல் வாரம் 16 மணி நேரம் ஒதுக்குகிறவருக்கு 62 வாரத்துக்கு மேல் ஆகும். ‘ஆறு மாதக் கோர்ஸ்’ என்ற விளம்பர வரி வகுப்பை மட்டும் சொல்கிறது.

புது வேலையை இரண்டு ஷிஃப்டாவது பக்கத்தில் நின்று பாருங்கள், அதில் ஒன்று இரவு அல்லது விடுமுறை நாள். பகலில் நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும் முடிவை இரவில் ஒருவர் தனியாக எடுக்கிறார். ‘போன மாதம் இங்கே புதிதாக வந்தவர் எதில் தடுமாறினார்?’ என்று கேளுங்கள். ‘வேலை எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் ‘பரவாயில்லை’ என்றுதான் பதில் வரும்.

விண்ணப்பத்தில் எழுதும் விதமும் முக்கியம். ‘டயாலிசிஸ் டெக்னீஷியன், 6 ஆண்டு அனுபவம்’ என்ற வரியிலிருந்து அறுவை அரங்கில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. ‘ஷிஃப்டுக்கு 4 நோயாளிகள், குழாய்களை நிரப்பித் தயார் செய்தல், ஹெப்பாரின் கண்காணிப்பு, அழுத்த அலாரத்தில் காரணம் கண்டு தனியாகச் சரிசெய்தல், தினமும் முதல் ஷிஃப்டுக்கு முன் தண்ணீரில் குளோரமின் பரிசோதனை’ என்று எழுதினால் புரியும். செய்யாததை எழுத வேண்டாம். பக்கத்தில் நின்று பார்த்ததைச் செய்ததாக எழுதினால் நேர்முகத் தேர்வின் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு தாள் இருக்கட்டும்: கையெழுத்தான பதிவேடு, பயிற்சிச் சான்று, மேற்பார்வையாளர் கடிதம். பழைய படிப்பின் பாடத்திட்டத்தையும் மணி நேரக் கணக்கையும் கல்லூரி இயங்கும்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்த பிறகு

முதல் மூன்று மாதம் மனசுக்குக் கஷ்டம். பழைய இடத்தில் சந்தேகம் கேட்டு உங்களிடம் வந்தார்கள். இங்கே உங்களைவிடப் பத்து வயது சின்னவர் உங்கள் கையைப் பிடித்து ப்ரோபைத் திருப்புவார். அனுபவசாலி என்ற கௌரவத்தில் கேட்காமல் விடுவதுதான் இந்தக் கட்டத்தின் பெரிய தவறு. ‘நோயாளியைப் பார்த்துக்கொள்கிறேன், டாப்ளர் எனக்குப் புதிது, கூட நில்லுங்கள்’ என்று பிரித்துச் சொல்லிவிட்டால் யாரும் குறைவாக நினைப்பதில்லை.

எதிர்த் திசையிலும் ஒரு இழுப்பு வரும். ஆள் குறைந்த நாளில் ‘நீங்கள் எக்ஸ்ரே தெரிந்தவர்தானே, இன்று அங்கே பாருங்கள்’ என்பார்கள். ஒரு நாள் சரி. வாரம் இரண்டு நாள் ஆனால் பதிவேட்டில் மணி நேரம் ஏறாது, தகுதித் தேர்வு தள்ளிப்போகும். பயிற்சிக் காலத்தில் பழைய பிரிவுக்கு எத்தனை ஷிஃப்ட் வரை அனுப்பலாம் என்று சேரும்போதே எழுதி வாங்குவது நல்லது.

அதற்காகப் பழைய பதிவைக் காலாவதியாக விடவும் கூடாது. புதுப் பதிவு எண் கையில் வரும்வரை பழையதன் கட்டணத்தையும் தொடர்கல்வி மணி நேரத்தையும் கட்டிக்கொண்டே வாருங்கள். புதிய தேர்வில் ஒரு முறை தவறினால், அடுத்த தேர்வு வரும்வரை சோறு போடுவது அந்தப் பழைய எண்தான்.